கடைசி வரிசைக்கு ஒரு லென்ஸ்

என் மனைவிக்கு ஒரு படம் வேண்டும். மேடையில் அவள் பேசும்போது எடுத்ததாக இருக்க வேண்டும், மைக் முகத்தை மறைக்கக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காக நான் லென்ஸ் வாங்கப் புறப்பட்டதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

எனக்குக் கூட்டம் ஆகாது. கல்யாணத்துக்குப் போனால் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி தேடுவேன். லிஃப்டில் தெரிந்த முகம் இருந்தால், கடிதப் பெட்டியில் ஏதோ தேடுவதுபோல் நின்றுவிட்டுக் கதவு மூடிய பிறகு வருவேன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கில் உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுக்கும் வேலை. அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. அதனாலேயே இத்தனை வருஷம் அதில் நிலைத்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் அப்படியில்லை. மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை விட்டு இறங்கினால், பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் வழியில் பார்க்கிற எல்லோரிடமும் நின்று பேசிவிடுவாள். பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை செய்கிறாள். சமூக மன்றத்தில் தமிழ்ப் பேச்சுக் குழு ஒன்று தொடங்கினார்கள். யாரோ கூப்பிட்டார்கள் என்று போனாள். கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் சாம்பார் கொதிக்கும் சத்தத்தோடு "நடுவர் அவர்களே!" என்ற குரலும் கேட்கத் தொடங்கியது.

அவள் முதல்முறை பேசியது மன்றத்தின் சின்ன அறையில். நான் பின்சுவரில் சாய்ந்து நின்று கைப்பேசியைப் பெரிதாக்கி எடுத்தேன். எடுத்த படங்கள் எல்லாம் வெயிலில் வைத்த மெழுகு பொம்மை மாதிரி இருந்தன. போதாக்குறைக்கு மைக் வேறு வாயையும் மூக்கையும் மறைத்திருந்தது. வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல யாருங்க இது?"

"நீதான்."

"பொடவைய வச்சுத்தான் கண்டுபிடிக்கணும் போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கிட்ட இருக்கற எந்தப் படத்துலயும் நான் எதையாவது தூக்கிட்டுத்தாங்க நிக்கறேன். தாம்பாளத் தட்டு, இல்ல யாரு வீட்டுக் கொழந்தையாச்சும், இல்ல யாரோட கைப்பையாச்சும். பேசற மாதிரி ஒண்ணுகூட இல்ல. ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க, போதும்."

தீபாவளிக்கு முன்னால் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு திடலில் கூடாரம் போட்டுப் பட்டிமன்றம் நடத்தப் போவதாகவும், அதில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்திருப்பதாகவும் அந்த வாரமே செய்தி வந்தது. பெரிய மேடை, பெரிய கூட்டம். படம் எடுக்க வேண்டிய நாள் முடிவாகிவிட்டது.

என்னிடம் ஒரு கையடக்கக் கேமரா இருந்தது. நீண்ட நாள் வேலை பார்த்ததற்காகக் கம்பெனியில் கொடுத்தது. அலமாரியில் பெட்டியோடு கிடந்தது. தூரத்தில் இருப்பதை அது கொஞ்சம் கிட்டே கொண்டுவரும். ஆனால் கடைசி வரிசையிலிருந்து மேடை வரைக்கும் அதற்குக் கை நீளாது. அதன் விளக்கப் புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தது. கேமராவின் மூக்கைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு ஒரு குழாயைப் பொருத்த வேண்டும். அந்தக் குழாயின் வாயில் இன்னொரு லென்ஸைத் திருக வேண்டும். குழாயும் தனியாக வாங்க வேண்டும், லென்ஸும் தனியாக வாங்க வேண்டும்.

முன்னால் எழுந்துபோய் எடுத்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் நடுவே எழுந்து நடந்து, மேடைக்குக் கீழே போய் நின்று, முதுகில் அத்தனை கண்களையும் தாங்கிக்கொண்டு கேமராவைத் தூக்குவது என்னால் ஆகாது. ஆகாததை ஆகாது என்று ஒப்புக்கொண்டுதான் லென்ஸ் வாங்கப் போனேன்.

முதலில் சிட்டி ஹால் பக்கம், கேமராக் கடைகள் நிறைய இருக்கும் ஒரு கட்டடத்துக்குப் போனேன். எந்தக் கடையில் ஆளில்லையோ அந்தக் கடைக்குள் நுழைந்தேன். சீனக் கடைக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், வாட் யூ ஷூட்?"

"ஸ்டேஜ்," என்றேன்.

"பிக் ஸ்டேஜ் ஆ?"

"பிக்."

"தென் வைட் லென்ஸ் லா. எவ்ரிபடி கேன் கம் இன்."

தலையாட்டினேன். கடைசி வரிசையிலிருந்து எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் கடைசி வரிசை என்று கேட்பாரே. அதற்குப் பதில் சொல்வதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. குழாயும் அவரிடமே கிடைத்தது.

வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே எதிர்ப் புளோக் கிட்டே வருவதற்குப் பதிலாக இன்னும் எட்டப் போய் நின்றது. ஏதோ தலைகீழாகப் பொருத்திவிட்டேன் என்று கழற்றி மாட்டினேன். மறுபடியும் எட்டத்தான் போனது. என் மனைவியைச் சமையலறை வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். சுவர்கள் வில்போல் வளைந்திருந்தன. எங்கள் கூடம் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நம்ம வீடு இவ்ளோ பெரிசா? இந்தப் படத்தப் போட்டா நல்ல வெலைக்கு வித்துடலாம் போலருக்கே."

"வெளயாடாத."

"சரி, நான் எங்க? ஓ, அந்த ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல குச்சி மாதிரி நிக்கறது நானா?"

மாற்றிக் கேட்கலாம் என்று அடுத்த விடுமுறை நாளில் மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். அன்று உள்ளே இரண்டு மூன்று பேர் நின்று கடைக்காரரோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த கேமராக்களைப் பார்ப்பதுபோல் வெளியில் நின்றேன். அவர்கள் போகிற வழியாக இல்லை. கையில் பையோடு திரும்பி ரயில் ஏறிவிட்டேன். அந்த அகன்ற லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அடுத்தது லிட்டில் இந்தியா. கைப்பேசி, கடிகாரம், பயணப்பெட்டி எல்லாம் ஒன்றாகத் தொங்கும் ஒரு சந்துக் கடை. தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்க்கிற ஒருவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தமிழில் பேசினால் தப்பு நடக்காது என்று நம்பிப் போனேன்.

"வாங்கண்ணே. இந்தக் கேமராவா! இப்பப் பசங்க எல்லாம் இதத்தான் தேடி அலையறாங்க. வெலைக்குக் குடுத்துட்டுப் போறீங்களாண்ணே?"

"இல்ல. தூரத்துல இருக்கறத எடுக்கணும். லென்ஸ் வேணும்."

"எவ்ளோ தூரம்ணே?"

இந்தத் தடவை சொல்லிவிட்டேன். "கடைசி வரிசையிலேருந்து மேடை."

"மேடைல யாருண்ணே?"

"வீட்டுல."

அவர் முகம் மலர்ந்தது. "அண்ணியா! அப்பறம் என்னண்ணே? நேரா முன்னாடி போய் நின்னு எடுங்க. யாரு கேக்கப் போறா? இதுக்குப் போயி லென்ஸா?"

லென்ஸ் விற்கிறவரே லென்ஸ் வேண்டாம் என்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "லென்ஸ் இருந்தாக் குடுங்க, இல்லேன்னா பரவால்ல," என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாக வந்திருக்க வேண்டும். அவர் அதற்குமேல் புத்தி சொல்லவில்லை. விற்க ஆரம்பித்தார்.

முதலில் லென்ஸ் வந்தது. எவர்சில்வர் டம்ளர் அளவுக்குப் பருமனும் உயரமும். பிறகு, என்னிடம் இருந்த குழாயின் வாய் சின்னது, இந்த லென்ஸின் அடி பெரியது, நடுவில் ஒரு வளையம் போட்டால்தான் சேரும் என்றார். வளையம் வந்தது. லென்ஸ் கனமாக இருப்பதால் கை ஆடும், ஒற்றைக்கால் தாங்கி ஒன்று அவசியம் என்றார். அதுவும் வந்தது. முன்கண்ணாடியைக் காக்க ஒரு கண்ணாடி, அதைத் துடைக்க ஒரு துணி, எல்லாவற்றையும் வைக்க ஒரு பை. வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் ஒவ்வொன்றும் பைக்குள் போயிருந்தது. பிறகு அந்தப் பையையும் எனக்கே விற்றார்.

ஆனால் அந்த லென்ஸ் வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் பார்த்தபோது நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் இருட்டுமாக, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. கேமராவின் சொந்த ஜூமைக் கடைசிவரை தள்ளியதும் இருட்டு விலகியது. எதிர்ப் புளோக்கின் மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையின் பொத்தான்கள் தெரிந்தன. அப்படியே மெல்ல நகர்த்தினேன். ஒரு பூந்தொட்டி. ஒரு பூனை. பூனையின் மீசை. பிறகு அந்த வீட்டு அம்மாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு நேராக என்னையே பார்த்தபடி நின்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்கினேன்.

ஆயுத பூஜை வந்தது. என் மனைவி அரிசி குக்கர், மிக்சி, தையல் மிஷின், நான் கிடங்கில் அட்டைப்பெட்டி வெட்டுகிற கத்தி எல்லாவற்றையும் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். புதிதாக வாங்கிய லென்ஸை விடுவாளா? கேமரா, குழாய், வளையம், டம்ளர் லென்ஸ் நான்கையும் தனித்தனியாகப் பிரித்துத் தட்டில் வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கும்பிட்டபோது பூவுக்கு அடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் எடுத்துத் திருகினேன். பாதி சுற்றியதும் நறநற என்று ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"இதுல எங்க பொட்டு வச்சே?"

"கண்ணாடியில வைக்கல. எனக்குத் தெரியாதா? பூரா ஓரத்துலதான் வச்சேன்."

அந்த ஓரம்தான் திருகு. நன்றாகக் குழைத்த சந்தனம் கெட்டியாக, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கிக் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. பழைய பல் பிரஷால் தேய்த்தேன். தேங்காயெண்ணெய் விட்டேன். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு முறுக்கினேன். எண்ணெய் பட்ட சந்தனம் இன்னும் இறுகியதுபோல் இருந்தது. லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூக்கக் கலக்கத்தில் தலை கோணியவன் மாதிரி நின்றது. அதன் வழியாகப் பார்த்தால் இடப்பக்கம் துல்லியமாகவும், வலப்பக்கம் எண்ணெய் தடவிய காகிதத்தின் வழியே பார்ப்பதுபோலவும் இருந்தது.

"இறுக்கமாத்தான இருக்கு, அப்பறம் என்னங்க?" என்றாள். "சாமிக்கு வச்சது. ஒண்ணும் ஆகாது."

சாமிக்கு வைத்ததைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அந்தச் சந்துக் கடைக்கு மறுபடியும் போனால் "அண்ணி பேசியாச்சாண்ணே? முன்னாடி போய் எடுத்தீங்களா?" என்று கேட்பார். படத்தின் இடப்பாதி தெளிவாக வந்தால் போதும், அவளை அந்தப் பக்கம் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

பட்டிமன்றத் தலைப்பு, "வீட்டுக்குத் தேவையில்லாத பொருளை அதிகம் வாங்குவது ஆண்களா, பெண்களா?" அவள் பேச வேண்டியது ஆண்களே என்கிற அணியில். தினமும் சமையலறையில் பயிற்சி நடந்தது. நான் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். "போங்க, போங்க. அங்க வந்து கேளுங்க." எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் லென்ஸ் திருகும் கவலையில் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் குளிர் எலும்பைத் தொட்டது. லிட்டில் இந்தியாவில் இறங்கி மேலே வந்ததும் ஈர வெக்கை முகத்தில் அறைந்தது. சாலைக்குக் குறுக்கே அலங்கார விளக்குகள் எரிந்தன. வார விடுமுறைக்கு வந்த தொழிலாளர்கள், பலகாரக் கடைகள், பட்டுப்புடவைகள் எல்லாம் சேர்ந்து நடக்க இடமில்லாத கூட்டம். கூடார வாசலில் அவள் நின்றாள்.

"எங்க உக்காருவீங்க?"

"பின்னாடிதான்."

"தெரியுமே," என்றாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் பின்பக்கம் போனாள்.

கடைசி வரிசையில், ஆளுயர மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்தேன். பையைத் திறந்து கேமராவை எடுத்து ஒற்றைக்கால் தாங்கியில் பொருத்தினேன். உடனே கையில் பட்டை கட்டிய தொண்டூழியர் ஒருவர் ஓடி வந்தார்.

"அண்ணே, மீடியாவா? மீடியாக்கு முன்னாடி எடம் போட்டிருக்கு. வாங்க."

"இல்ல இல்ல."

"பரவால்லண்ணே, வாங்க. ஸ்டேஜுக்குப் பக்கத்துலயே நிக்கலாம்."

"நான் மீடியா இல்ல தம்பி. சும்மாதான்."

அவர் டம்ளர் லென்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நம்பாமல் போனார். எனக்கு முந்தைய வரிசையில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். "அது என்னண்ணே, டம்ளரா?" அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "சும்மா இரு லா, டிவிக்காரரு போல," என்று சொல்லிவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்து, நான் எடுப்பதற்கு வசதியாகப் பாதி திரும்பியே உட்கார்ந்துகொண்டார். யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வாங்கிய லென்ஸ் அது.

கேமராவுக்குள் பார்த்தேன். ஒரே வெள்ளை. பனி மூட்டம். ரயிலின் குளிரில் உறைந்திருந்த கண்ணாடி வெளி வெக்கை பட்டதும் வேர்த்துவிட்டது. முன்கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. வேர்த்தது குழாய்க்கு உள்ளே, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில். கழற்றினால் ஒரு நொடியில் துடைத்துவிடலாம். கழற்ற முடியாது, குழாயின் இரண்டு முனையிலும் சந்தனம். மின்விசிறிப் பக்கம் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நடுவர் பேசி, இரண்டு அணியிலும் இரண்டு பேர் பேசி முடிப்பதற்குள் மூட்டம் நடுவில் மட்டும் ஒரு காசு அளவுக்கு விலகியது. அதன் வழியாக என் மனைவி எழுந்து மைக் முன்னால் வருவதைப் பார்த்தேன். மைக்கைக் கீழே இறக்கிவிட்டாள். நாடிக்குக் கீழே நின்றது. முகம் முழுதாகத் தெரிந்தது. நான் கெஞ்சிக் கேட்டிருந்தாலும் அப்படி ஒரு காட்சி அமையாது. பித்தானை அமுக்கினேன். திரையில் வந்தது, ஒரு கண்ணும் பாதி மூக்கும், மீதி ஆவி. தாங்கியைத் திருப்பினேன். காது வந்தது. மறுபடி திருப்பினேன். வெறும் பின்திரை வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைப் பிடித்து முறுக்க ஆரம்பித்தேன். உடைந்தாலும் உடையட்டும்.

மேடையில் அவள் குரல் ஏறியது. "நடுவர் அவர்களே! எங்க வீட்டுல ஒருத்தர் லென்ஸ் வாங்கியிருக்காரு. ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணுல பாத்தா வீடு பெரிசாத் தெரியுது, நான் சின்னதாயிடறேன். இன்னொண்ணு எதிர் வீட்டுப் பூனைக்கு மீசை இருக்கான்னு பாக்கறதுக்கு!"

கூட்டம் சிரித்தது. என் கை நின்றுவிட்டது.

"எதுக்குய்யா இதுன்னு கேட்டா, உன்னைப் படம் எடுக்கத்தான்ங்கறாரு. நடுவர் அவர்களே, இத்தனை வருஷமா எனக்கு எதிர்ல உக்காந்து சோறு சாப்பிடற மனுசனுக்கு, என் மூஞ்சியப் பாக்க லென்ஸ் வேணுமாம்!"

கைதட்டல் கூரைத் துணியைத் தூக்கியது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கையை நீட்டிக் கூட்டத்துக்கு மேலாக நேராகக் கடைசி வரிசையைக் காட்டினாள்.

"அதோ! இப்பவும் அங்கதான் உக்காந்திருக்காரு!"

அத்தனை தலைகளும் திரும்பின. அந்த நேரம் பார்த்துக் கையில் கடக் என்றது. குழாயோடு லென்ஸ் கழன்று வந்துவிட்டது. சந்தனப் பொடி கால்சட்டையில் கொட்டியது. அந்த உலுக்கலில் கேமரா அணைந்துபோனது.

"ஐயா, அந்த லென்ஸைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்களேன், சபை பார்க்கட்டும்!" என்றார் நடுவர்.

முன்னால் இருந்த அந்தப் பெண், "தூக்குங்கண்ணே, தூக்குங்க!" என்றார். இடக்கையில் லென்ஸைத் தூக்கினேன். வலக்கையில் கேமரா இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கேமராவை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். பிடித்த பிறகு சும்மா பிடித்துக்கொண்டிருப்பதும் அசிங்கமாக இருந்தது. கேமராவை மறுபடி முடுக்கி, பித்தானை அமுக்கினேன். மின்னல் வெட்டியதும் இன்னும் சத்தமாகக் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. தீர்ப்பு சொல்லும்போது நடுவர் என் லென்ஸையும் சாட்சியாக எடுத்துக்கொண்டு, ஆண்களே என்று முடித்தார்.

வீடு திரும்பும் ரயிலில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் கால்சட்டையில் ஒட்டியிருந்த சந்தனப் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"கோவமா?"

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?"

"சொன்னாத்தான கை தட்டுவாங்க. சரி, படம் எங்க, காட்டுங்க."

காட்டினேன். கேமராவை மறுபடி முடுக்கியதில் ஜூம் ஆரம்பத்துக்கே போயிருந்தது. எனவே கூடாரம் முழுவதும் படத்தில் இருந்தது. வரிசை வரிசையாக முகங்கள், எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிற முகங்கள், அத்தனைக்கும் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் மேடை. மேடையில் என் மனைவி, கையை நீட்டிக்கொண்டு, பொடியாக.

"மூஞ்சி கடுகு மாதிரி இருக்கு," என்றாள்.

கேட்டது ஒரே ஒரு படம். அதுவும் இப்படி ஆயிற்று. ஏற்பாட்டாளர்கள் பிறகு அனுப்பிய படங்களில் அவள் நன்றாகப் பெரிதாக இருந்தாள். ஆனால் எடுத்தவர் மேடைக்குக் கீழே, மைக்குக்கு நேராக நின்று எடுத்திருக்கிறார். எல்லாவற்றிலும் வாய் இருக்க வேண்டிய இடத்தில் மைக். மறைக்காமல் இருந்தது என்னுடைய கடுகு ஒன்றுதான்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது கதவுக்கு எதிர்ச் சுவரில் அது தொங்கியது. தேக்காவில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சுப் போட்டுச் சட்டமும் மாட்டி வாங்கி வந்திருந்தாள். நான் மறுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்கள், "யாருக்கா இவங்கல்லாம்? எதப் பாத்து இப்பிடிச் சிரிக்கறாங்க?" அவள் என் பக்கம் கையைக் காட்டுகிறாள். அவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குத் தினமும் அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல்தான் இருக்கிறது.

ஆளில்லாத நேரத்தில் நானும் அதன் முன்னால் நிற்பதுண்டு. அத்தனை பேரில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. முகத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொஞ்சம் பெரிதாக்கினால் மங்குகிறது, இன்னும் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கையக் காட்டினியே, அப்ப ஏன் நீ மட்டும் சிரிக்கல?"

"சிரிக்கறதா? அடுத்த வரி மறந்துபோச்சுங்க. ஒண்ணுமே வரல. கண்ணு இருட்டிட்டு வருது. உங்களைக் காட்டுனா இன்னும் கொஞ்ச நேரம் கை தட்டுவாங்க, அதுக்குள்ள ஞாபகம் வந்துடும்னு பாத்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அந்த டம்ளர் மட்டும் மின்னலேன்னா, அவ்ளோ கூட்டத்துல நீங்க எங்க இருக்கீங்கன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது."

பொங்கலுக்கும் அவளைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். லென்ஸும் குழாயும் இன்னும் பிரியாமல், கோணிய தலையோடு அலமாரியில் இருக்கின்றன. ஓர் ஊசியை வைத்துத் திருகுக்குள் காய்ந்த சந்தனத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். வருகிற மாதிரி இல்லை.